ரசலையனுக்கு விளங்காத பாடங்கள்

கருங்கல் சந்தைக்கு வாழைக்குலை சுமந்து வருகிறவர்களில் ரசலையனுக்கு மட்டும் கூடுதலாக ஒரு உத்தியோகம் இருந்தது. சனிக்கிழமை தோறும் காலையில் சந்தையை முடித்துக்கொண்டு ஜான்ரோஸ் வாத்தியார் வீட்டுக்கு ரெண்டு மைல் நடந்து போவான். அங்கே ஒரு பாயில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, வாத்தியார் எழுதி வாசிக்கிற பாடத்தைக் கேட்டு, விளங்கவில்லை என்று சொல்ல வேண்டும். அதற்குச் சம்பளம் ஒரு குழல் புட்டு, அவித்த சிறுபயறு, கருப்பட்டிக் காப்பி. விளங்காததற்குப் பிரம்படி கொடுக்கிற ஊரில் விளங்காததற்குப் புட்டு கொடுத்த ஒரே வீடு அதுதான்.

இந்த உத்தியோகம் அவனுக்கு வந்த கதை கொஞ்சம் நீளம்.

ஜான்ரோசும் ரசலையனும் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நாலாம் வகுப்பை ஜான்ரோஸ் ஒரே வருஷத்தில் தாண்டிப் போனான். ரசலையன் மூன்று வருஷம் அங்கேயே குடியிருந்தான். மூன்றாம் வருஷம் மழைக்காலத்தில் தலைமை வாத்தியாரின் குடைக்குள் யாரோ தவளையைப் போட்டு மடக்கி வைத்தார்கள். ஆலயத்து வாசலில் அவர் குடையை விரித்தபோது தவளை சட்டைக்குள் போய்விட்டது. யார் என்று விசாரிக்கக்கூட இல்லை, ரசலையன் வீட்டுக்கு ஆள் வந்தது. அதோடு படிப்பு முடிந்து, அப்பன் விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் வாழைத்தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தான். ஜான்ரோஸ் பயிற்சிப் பள்ளிக்குப் போய் வாத்தியாராகவே திரும்பி வந்தான்.

வந்தவனுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. புதிதாக ஒரு சாஸ்திரத்துக்குள் நுழைகிற பிள்ளைக்கு வாசற்படி மாதிரி ஒரு புத்தகம் வேண்டும், நம்முடைய பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இல்லை என்று அவன் நினைத்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில் 'பூகோள முதற்படி' என்று ஒன்றை எழுதினான். அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் நாலு பேருக்கு வாசித்துக் காட்டிவிடலாம் என்று எண்ணியதுதான் பிழையாகப் போயிற்று. சபைப் பெரியவர்களுக்கு வாசித்தான், தலையாட்டினார்கள். கருப்பட்டி வியாபாரி பொன்னுலிங்கத்துக்கு வாசித்தான், அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். வகுப்பில் வாசித்தான், நாற்பது தலைகள் ஒன்றாக ஆடின. அந்தப் பக்கத்தில் வாத்தியாரைப் பார்த்து ஒருத்தன் 'விளங்கவில்லை' என்று சொல்வது, அவர் போட்ட சோற்றில் உப்பில்லை என்று சொல்வது மாதிரி. அறிந்தவன் சொல்ல மாட்டான்.

புத்தகம் ஐந்நூறு பிரதி அச்சாகி வந்தது. வருஷக் கடைசிப் பரீட்சையில், பூமத்திய ரேகை என்றால் என்ன என்று கேட்டதற்கு, கப்பல்காரர்கள் வழி தவறாமல் இருக்கக் கடலில் கட்டிவைத்த கயிறு என்று பதினேழு பேர் எழுதியிருந்தார்கள். பதினெட்டாவது பிள்ளை அது கம்பி என்று எழுதியிருந்தது.

அந்த வாரம் சந்தையில் முகம் தொங்கிப்போய் நின்ற ஜான்ரோசை ரசலையன் கண்டான்.

"மக்கா, உனக்க புஸ்தகத்த நான் வாசிச்சேன்."

"எப்படி இருந்து?"

"சொன்னா கோவப்படப்பிடாது. ஒரு எளவும் மனசிலாவல்ல."

ஜான்ரோஸ் கோபப்படவில்லை. சந்தைக்கு நடுவில், தோளில் ஏத்தங்குலையோடு நின்றவனைக் கட்டிப்பிடித்தான். "ஏலே, இந்த ஊருல எனக்க மூஞ்சியப் பாத்து இப்படிச் சொல்ல ஒருத்தன்கூட இல்ல. நீ சனிக்கிழமை வீட்டுக்கு வா."

அப்படித்தான் போனான். முதலில் பூகோளத்தையே திருத்தி எழுதினார்கள். பிறகு 'உடல்நூல் முதற்படி'. ரத்தம் உடம்பெல்லாம் சுற்றி வருகிறது என்று ஜான்ரோஸ் வாசித்தால், "சும்மா எதுக்கு சுத்துகு? அதுக்கு வேற சோலி இல்லியா?" என்று ரசலையன் கேட்பான். ஜான்ரோஸ் தலையைச் சொறிந்துகொண்டு, ரத்தம் என்ன சரக்கைச் சுமக்கிறது, எங்கே இறக்குகிறது என்று சுமட்டுக்காரன் கதையாக மாற்றி எழுதுவான். ரசலையன் தலையாட்டினால்தான் பாடம் அடுத்த பாடத்துக்கு நகரும். எல்லாப் பாடத்துக்கும் தலை ஆடிய பிறகுதான் தாள்கட்டு நாகர்கோவில் அச்சுக்கூடத்துக்குப் பஸ் ஏறும். இது ஜான்ரோஸ் தானே போட்டுக்கொண்ட சட்டம்.

ஜன்னலோரத்தில் சின்ன மேசை ஒன்று உண்டு. அதில் ஜான்ரோசின் தங்கை லீலாபாய் இருந்து, அண்ணன் அடித்துத் திருத்திய தாள்களைப் பார்த்து நல்ல பிரதி எழுதுவாள். ஏழாம் வகுப்பு ஜெயித்தவள். அவள் கையெழுத்து பயறு பரப்பிய மாதிரி ஒரே அளவாக இருக்கும். சபையில் மூத்த ஆண்பிள்ளைகள் எல்லாரையும் அவள் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவாள். குடை ரிப்பேர்காரனுக்குக்கூட ஒரு 'அண்ணே' உண்டு. ரசலையனை மட்டும் அவள் எந்த முறையும் வைத்துக் கூப்பிட்டதில்லை. "காப்பி இருக்கு" என்பாள். யாருக்கு என்று சொல்ல மாட்டாள். ரசலையன் இதைக் கவனிக்க எட்டு மாதமாயிற்று. கவனித்த பிறகு வந்த சந்தையில் ரெண்டு குலைக்குச் சில்லறை வாங்காமல் வந்துவிட்டான்.

மூன்றாவதாக 'ரசாயன முதற்படி' தொடங்கியபோதுதான் ஆபத்து வந்தது. பிராணவாயுப் பாடத்தை ஜான்ரோஸ் வாசித்தான். எரிகிற விளக்கைப் பானையால் மூடினால் ஏன் அணைகிறது என்று ஒரே வாசிப்பில் ரசலையனுக்கு விளங்கிவிட்டது. விளங்கியது மட்டுமல்ல, அடுத்த பாடத்தில் என்ன வரும் என்றுகூடத் தெரிந்துவிட்டது. வாய் திறந்து சொல்லப் போனவன், ஜான்ரோஸ் முன்னொரு நாள் விளையாட்டாகச் சொன்னது நினைவு வந்து மூடிக்கொண்டான்.

"உனக்கு ஒரே வாசிப்புல மனசிலாவுற அண்ணைக்கு உன்னைய வேண்டாம் கேட்டியா. வேற மண்டன் பாக்கணும்."

வேறு மண்டன் வந்தால் இந்தப் பாய் அவனுக்கு. புட்டு அவனுக்கு. ஜன்னலோரத்து மேசையும் அவன் கண்ணுக்கு நேரே இருக்கும். ரசலையன் ஜான்ரோசின் கையிலிருந்த தாளை வெறித்துப் பார்த்தபடி, "மனசிலாவல்ல" என்றான்.

அன்று முதல் அவன் பாடு பெரும்பாடாயிற்று. விளங்காமல் இருப்பது சுலபம். விளங்கிய பிறகு விளங்காமல் இருக்கிறதற்குத்தான் படிப்பு வேண்டும். எந்த இடத்தில் முழிக்க வேண்டும், எந்த வார்த்தைக்குப் புருவத்தைச் சுருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் யோசித்தாக வேண்டும். வாய்க்கால் தண்ணீரில் முகத்தைப் பார்த்து, வாயை அரை விரற்கடை திறந்து, இடது கண்ணைச் சற்றுத் தூங்கவிட்டுப் பழகினான். க்ஷேத்திரகணிதத்தில் முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்து எவ்வளவு என்கிற ஒரு பாடத்தை ஒன்பது தடவை மாற்றி எழுத வைத்தான். அதாவது ஒன்பது சனிக்கிழமை.

ஒரு நாள் ஜான்ரோஸ் கை கழுவப் போன நேரம், லீலாபாய் மையை ஊதிக் காயவைத்தபடி, தாளிடம் சொல்வது போலச் சொன்னாள். "மனசிலாவாத முழி நான் பள்ளிக்கூடத்துல நெறைய கண்டிருக்கேன். அது இப்படி இருக்காது."

ரசலையனுக்குப் புட்டு நெஞ்சில் அடைத்தது. அவள் தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் தள்ளி வைத்துவிட்டு எழுதப் போய்விட்டாள். அண்ணனிடம் சொல்லவில்லை. அந்த வாரமும் சொல்லவில்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை.

முப்பத்தாறாம் வருஷம் சித்திரையில் 'வான சாஸ்திர முதற்படி' முடிகிற கட்டத்துக்கு வந்தது. எல்லாப் பாடத்துக்கும் தலை ஆடியாயிற்று, ஒன்று தவிர. சந்திரன் ஏன் வளர்ந்து தேய்கிறது என்கிற பாடம். ஜான்ரோஸ் முதல் தடவை எழுதியது நன்றாகத்தான் இருந்தது. ரசலையன் வழக்கம்போல வாயை அரை விரற்கடை திறந்தான். ரெண்டாம் தடவையும் திறந்தான். நாலாம் தடவை ஜான்ரோஸ் தாளைக் கசக்கி எறிந்தான். பள்ளிக்கூடம் திறக்கும் முன் புத்தகம் வர வேண்டுமானால் திங்கட்கிழமை கட்டு பஸ் ஏறியாக வேண்டும் என்று அச்சுக்கூடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது.

அந்த வாரம் வேறொரு செய்தியும் வந்தது. மார்த்தாண்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற ஒரு கம்பவுண்டர், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து லீலாபாயைப் பெண் பார்க்க வருகிறானாம். செய்தியைச் சொன்னது ஜான்ரோசின் அம்மா செல்லபாய். வீட்டுக்காரர் போன பிறகு இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினவள், அதிகம் பேச மாட்டாள். சந்தையில் ரசலையனிடம் பழம் வாங்கியபோது, வாங்கின பழத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எதற்குத் தன்னிடம் சொல்கிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. நிஜமாகவே விளங்கவில்லை.

ரசலையன் ரெண்டு நாள் யோசித்து ஒரு திட்டம் போட்டான். ஜான்ரோஸ் வாழ்க்கையிலேயே சந்தோஷமாக இருக்கிற நேரம், ஒரு புத்தகத்தின் கடைசிப் பாடத்துக்குத் தலை ஆடுகிற நேரம்தான். அப்போது யார் என்ன கேட்டாலும் தருவான். பூகோளம் முடிந்த அன்று வாசலில் வந்த ஒருவனுக்குப் புது வேட்டியைத் தூக்கிக் கொடுத்தவன். ஆகவே சனிக்கிழமை போக வேண்டும், ஜான்ரோஸ் வாசிக்க வேண்டும், உடனே தலையாட்ட வேண்டும், அந்தச் சூட்டோடு சூடாக லீலாபாயைக் கேட்டுவிட வேண்டும்.

சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துச் சீவிக்கொண்டு, நல்ல செந்துளுவன் பழச் சீப்பு ஒன்றோடு போனான். ஜான்ரோஸ் தூக்கமில்லாத கண்ணோடு தாளை எடுத்தான்.

"இப்பம் பாரு. இதைவிட எளுப்பமா எழுத என்னால ஆவாது." வாசித்தான். "சந்திரன் பூமியைச் சுற்றி வருகிறது. பூமியின் நிழல் அதன்மேல் விழ விழச் சந்திரன் தேய்கிறது. நிழல் விலக விலக வளர்கிறது."

ரசலையனின் தலை பாதி ஆடி நின்றது.

தப்பு. கிரகணப் பாடத்தை ஜான்ரோஸ் களைப்பில் கொண்டுவந்து இங்கே ஒட்டிவிட்டான். விடியற்காலத்தில் குலை சுமந்து நடக்கிறவனுக்குத் தேய்பிறை நிலாவோடு எத்தனை வருஷப் பழக்கம். வெயில் ஏறின பிறகும் அது மேற்கே வெளுத்து நிற்கும், சூரியன் கிழக்கே நிற்கும். ரெண்டும் ஒரே ஆகாயத்தில் நிற்கும்போது பூமியின் நிழல் அங்கே எப்படிப் போகும்?

"எப்படி இருக்கு? சொல்லு மக்கா," என்றான் ஜான்ரோஸ்.

தலையை மீதிப் பாதி ஆட்டினால் காரியம் முடிந்தது. கட்டு பஸ் ஏறும், பெண் கேட்கலாம். ஆனால் இந்தத் தப்பு ஐந்நூறு பிரதியில் ஜான்ரோஸ் பேரைப் போட்டு வரும். பிள்ளைகள் அதை மனப்பாடம் பண்ணும். தெரிந்தவன் எவனாவது ஒருத்தன் பார்த்துச் சிரிப்பான். இதை எழுத வைத்தது யார்? நாலு சனிக்கிழமை வாயைத் திறந்து முழித்த முழி. ஆட்டாவிட்டால் திருட்டு வெளியே வரும். ரெண்டு வருஷம் ஏமாற்றினவனுக்கு எந்த அண்ணன் தங்கையைக் கொடுப்பான்?

ஜன்னலோரத்தில் பேனா நின்றுவிட்டது. லீலாபாய் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரசலையன் எழுந்து பின்வாசல் வழியாகப் போனான். அடைக்கோழியின் சத்தம் பெரிதாகக் கேட்டது. புறங்கையில் கொத்துப்பட்ட ரத்தத்தோடு, கோழிக்கு அடைவைத்திருந்த வாத்து முட்டை, ஒரு வெள்ளைத் தாரா முட்டையோடு திரும்பி வந்தான்.

"ஜான், வெளிய வாடே."

"இப்பம் எதுக்கு முட்டை?"

"வா, சொல்லுகேன்."

முற்றத்தில் நல்ல வெயில். மேற்கே தென்னைமரத்து மண்டைக்கு மேலே அரை நிலா, வெளுத்துக் காயப்போட்ட துண்டு மாதிரி நின்றது.

"அங்கன பாரு. நிலா பாதிதான் இருக்கு. சூரியன் எங்க?"

"கிழக்க."

"பூமி எங்க?"

ஜான்ரோஸ் காலுக்கடியில் பார்த்தான். "இங்க."

"சூரியன் அந்தப் பக்கம் மேல, நிலா இந்தப் பக்கம் மேல. நிழலு எந்த வழியா ஏறிப்போயி அதுமேல விழுந்து?"

ஜான்ரோஸ் ஆகாயத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தான். ரசலையன் முட்டையை அவன் கையில் கொடுத்து, கையைப் பிடித்து நிலாவுக்கு நேராக நீட்ட வைத்தான்.

"ஒரு கண்ணப் பொத்து. இப்பம் முட்டையப் பாரு. அதுல வெயில் படுக பக்கம் எது, படாத பக்கம் எது?"

ஜான்ரோஸ் ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தான். முட்டையில் பாதி வெயில், பாதி நிழல். பக்கத்தில் நிலாவிலும் அதே பாதி, அதே சாய்வு. முட்டையை இறக்கினான். மறுபடி தூக்கிப் பார்த்தான். கையை மெல்ல நகர்த்தி, வெயில் பட்ட பாகம் குறைந்து கீற்றாவதைப் பார்த்தான்.

"ஏலே, இது யாரு உனக்குச் சொல்லித் தந்தா?"

"நீதான். முதல்ல எழுதினதுல இருந்து. நிலாவுல ஒரு பாதிக்கு எப்பவும் வெளிச்சம் உண்டு, நாம நிக்க எடத்துல இருந்து அது ஒரு நேரம் நெறையவும் ஒரு நேரம் குறையவும் தெரியும்னு. அது கொள்ளாம், நல்லாத்தான் இருந்து. எனக்கு அண்ணைக்கே மனசிலாச்சு."

சொல்லிவிட்டான். ஜான்ரோஸ் முட்டையைப் பிடித்த கையை இறக்க மறந்து நின்றான்.

"அண்ணைக்கேன்னா? எப்பம் முதலு உனக்கு எல்லாம் மனசிலாவுகு?"

"ரசாயனம் முதலு."

"ரசாயனம் ரெண்டு வருசம் ஆச்சே. அப்பம் அந்த முக்கோணம்? ஒன்பது மட்டம் எழுத வச்சியே, படுபாவி."

"அதுல ரெண்டு மட்டம் நெசமாட்டே மனசிலாவல்ல."

செல்லபாய் அடுக்களையிலிருந்து வந்து மகன் கையிலிருந்த முட்டையை வாங்கிக்கொண்டாள். "இதுக்குள்ள ஒரு உசுரு கெடக்கு. ரெண்டு தடிமாடுமாச் சேந்து ஆட்டிப்போட்டு நிக்குகு." முட்டையை முந்தானையில் துடைத்தாள்.

"அம்மா, இவன் என்னைய ரெண்டு வருசமா ஏமாத்தியிருக்கான். எதுக்குன்னு கேளு."

"எதுக்குன்னு உனக்குத் தெரியல்லியா? வாத்தியாருன்னு சொல்லிக்கிட்டு நடக்க. எனக்க புட்டு கொள்ளாம்னு எனக்கே தெரியும். ஆனா ரெண்டு மைலு நடக்குக அளவுக்குக் கொள்ளாது."

ஜான்ரோஸ் ரசலையனைப் பார்த்தான். எண்ணெய் தேய்த்துச் சீவின தலையைப் பார்த்தான். செந்துளுவன் சீப்பைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான், அங்கே யாரும் இல்லை. லீலாபாய் வாசலுக்கே வந்து நின்றாள், கையில் பேனாவோடு.

"நாலாங்கிளாஸுல மூணு வருசம் கெடந்தவன்," என்றான் ஜான்ரோஸ், சுவரிடம்.

"அது சரிதான்," என்றான் ரசலையன். "ஆனா பூகோளம், உடல்நூலு, ரசாயனம், க்ஷேத்திரகணிதம் எல்லாத்துலயும் பாசு."

"யாருடே உனக்குப் பாசு போட்டா?"

"நீதான். நான் தலையாட்டாம ஒண்ணையாவது அச்சுக்கு அனுப்பியிருக்கியா?"

 க்ஷேத்திரகணிதத்தில் ஒன்பது விதமாக நிரூபிக்கத் தெரிந்த ஜான்ரோசுக்கு இதை மறுக்க ஒரு விதமும் அகப்படவில்லை.

"ஏட்டி, நாளைக்குக் கம்பவுண்டர் வருகான். நீ என்ன சொல்லுக?" என்று கேட்டாள் செல்லபாய்.

"வரட்டும். வந்தா காப்பி குடிச்சிட்டுப் போகட்டும்," என்றாள் லீலாபாய். பிறகு ரசலையன் பக்கம் திரும்பினாள். அவள் அவன் முகத்தைப் பார்த்து நேராகப் பேசியது அன்றுதான். "எனக்கும் ஒரு முதற்படி எழுதணும், செடிகொடியப் பத்தி. கேக்க ஆள் வேணும். ஆனா மனசிலானதை மனசிலாவல்லன்னு எங்கிட்ட சொல்லப்பிடாது. மனசிலாவாததை மனசிலாச்சுன்னும் சொல்லப்பிடாது. சம்மதமா?"

ரசலையன் தலையாட்டினான். முழுசாக ஆட்டினான்.

ஜான்ரோஸ் அன்று முழுக்க இருந்து பழைய பாடத்தையே திரும்ப எழுதினான். அடியில் ஒரு வரி சேர்த்தான்: 'பகலில் நிலாத் தெரியும் நாளில் ஒரு முட்டையை எடுத்து அதற்கு நேராகப் பிடித்துப் பார்.' கட்டு திங்கட்கிழமை பஸ் ஏறியது. புத்தகம் வந்த வருஷம் அந்தப் பக்கத்துக் கோழிக்கூடுகளில் முட்டை நிற்கவில்லை. தாய்மார்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்து சண்டை போட்டார்கள். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு மட்டும் வகுப்பு முழுவதும் சரியாக எழுதியிருந்தது.

ஆவணியில் ஆலயத்தில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்துக் கல்யாணம் நடந்தது. ஜான்ரோஸ் பந்தியில் பரிமாறினான். மாப்பிள்ளை இலையில் ரசத்தை மட்டும் கொஞ்சம் வேகமாக ஊற்றினான்.

கல்யாணமான ரெண்டாம் மாதம் ஒரு காலையில் லீலாபாய் தோட்டத்துக்குத் தாளும் பேனாவும் கொண்டுவந்து, கவிழ்த்துப் போட்ட குலைக்கூடைமேல் உட்கார்ந்து எழுதினாள். ரசலையன் குலை வெட்டின வாழைகளைச் சரித்துக்கொண்டிருந்தான். அவள் முதல் பாடத்தை உரக்க வாசித்தாள். "நம் வீட்டுப் பக்கத்தில் எத்தனையோ மரங்கள் உண்டு. தென்னை, பலா, வாழை."

"வாழை மரமில்ல," என்றான் அவன்.

"எல்லாரும் வாழைமரம்னுதானே சொல்லுகு?"

அவன் சரித்த வாழையை இழுத்துவந்து அவள் காலடியில் போட்டு, மேல் பட்டையை உரித்தான். அதற்குள்ளே இன்னொரு பட்டை. அதற்குள்ளே இன்னொன்று. ஒவ்வொன்றும் மேலே போய் ஒரு இலையாக விரிந்தது. கடைசியில் வெள்ளையாக, கறிக்கு நறுக்குகிற தண்டு மட்டும் நின்றது. "மரத்துக்க தடி எங்க? எல்லாம் இலைக்க அடியாக்கும் சுத்திச் சுத்தி நிக்குகு."

அவள் குனிந்து ஒவ்வொரு பட்டையாகத் தொட்டு எண்ணினாள். "அப்பம் இதுக்கு என்ன பேரு சொல்ல?"

"அது எனக்கும் தெரியல்ல."

"எனக்கும் தெரியல்ல," என்றாள் அவள். வாழை என்று எழுதின இடத்தை அடிக்கப் போனாள். விரலிலிருந்த கறை தாளெல்லாம் பட்டுவிட்டது. வாழைக்கறை பட்டால் எதைப் போட்டுக் கழுவினாலும் போகாது. அந்தத் தாளை எறியாமல் மடித்து அவனிடம் கொடுத்துவிட்டு, மடியில் வேறொரு தாளை விரித்தாள்.